ஒச்சம்மாளுக்கு ஒதுக்கிய தோட்டம்

"சாயந்திரம் அஞ்சரைக்கு வேலை முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், தொழிலாளர் நிலைமையைச் சோதிக்க அனுப்பிய ஆடிட்டர் அனுசுயா, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் பன்னிரண்டு வருடமாக நிற்கும் ஒச்சம்மாள், ஏசி குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அஞ்சரைக்கு வேலை முடிவது ஆடிட்டருக்குக் காட்டும் பதிவேட்டில் மட்டும்தான்.

அந்தப் பதிவேட்டால் போன வாரம் ஒரு சிக்கல். அஞ்சரைக்கே விட்டுவிடுகிறோம் என்றால், மிச்சப் பொழுதை இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேள்வி வருமே?

ஹெச்.ஆர். மேனேஜர் குருசாமி யோசித்தார். ஆளுக்கொரு பொழுதுபோக்கை ஒதுக்கிவிட்டார்.

பொழுதுபோக்குக்கா பஞ்சம்? முதலாளி மகுடேஸ்வரனுக்குச் சர்க்கரை ஏறி, டாக்டர் அவரை நிதானமாக வாழச் சொன்னதிலிருந்து கேன்டீன் சுவரில் ஒரு போஸ்டர் தொங்குகிறது. 'செலவில்லாத பொழுதுபோக்கு, சீரான உடல்நலம்.' பத்து வகை போட்டிருக்கும். பக்கத்திலேயே, மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் பலகை.

ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைக்குக் கை தைக்கும் நதியாவுக்குப் பூத்தையல் விழுந்தது. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே துணி வெட்டும் ஜெயபாண்டிக்கு மூச்சுப் பயிற்சி.

ஒச்சம்மாளுக்குத் தோட்டம்.

"உனக்குத்தான் செடிகொடியெல்லாம் அத்துபடியாச்சேம்மா. பொய் சொன்னாத்தான் நாக்கு கொளறும். உள்ளதைச் சொல்லிப்போடு" என்றார் குருசாமி.

"சொல்றேன் சார். இனிமேயாச்சும் ஞாயித்துக்கெழமை என்னைய விட்ருவீகளா?"

"ஆடிட்டு முடியட்டும், பாக்கலாம். குழாயில தண்ணி வருதுன்னு லீவு கேக்கறவளை இங்கதானம்மா பாக்கறேன்!"

மண்ணரைப் பகுதியில் அவள் குடியிருக்கும் லைன் வீட்டுத் தெருவில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர். அதுவும் ஞாயிறு காலை ஆறரைக்கு. ஒரு வருடமாக எந்த ஞாயிறும் அவள் அந்த நேரத்தில் அங்கே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி மனசு வைத்தால் இரண்டு குடம். வைக்காவிட்டால் அந்த வாரம் தலைக்குக் குளியல் கிடையாது.

தொழிலாளிகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அனுசுயா சொன்னதும், முதலாளி தன் அறையையே கொடுத்துவிட்டுப் பெருந்தன்மையாக வெளியேறியிருந்தார். அவர் ஏதோ சங்கத்தில் கேடயம் வாங்கிய படம் மட்டும் அனுசுயாவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தது.

"தோட்ட வேலை பார்ப்பேம்மா" என்றாள் ஒச்சம்மாள்.

"அடடே! என்ன செடி வச்சிருக்கீங்க?"

அதற்கு அவள் குருசாமி எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

"ரோசாத் தொட்டியே அம்பத்தாறு. பன்னீர் ரோசாவுக்கு மட்டும் பூச்சி விழுகும், வேப்பெண்ணெ அடிக்கணும். பந்தல்ல பொடலை. பிஞ்சா இருக்கையிலயே நுனியில கல்லைக் கட்டி விட்டாத்தேன் வளையாம நேரா எறங்கும். சணலு வச்சுக் கட்டுனா காயை அறுத்துப்புடும். அதுக்கு நம்ம லேபிள் நாடாதேன் வாட்டம்."

அனுசுயா மளமளவென்று எழுதினார். இத்தனை கம்பெனி ஏறி இறங்கியதில் இப்படி வாய் நிறையப் பேசிய தொழிலாளி இவள்தான்.

"தண்ணி?"

"தொட்டிக்கு மூணு மக்கு. நமக்கு இருக்கோ இல்லியோ, அதுக வாடக் கூடாதுல்ல?"

'செடிகள் மேல் மிகுந்த பாசம்' என்று எழுதி, அனுசுயா அடிக்கோடு போட்டார்.

"பொறகு புல்லுத் தரையில கோரை புடுங்கணும். அதுக்குத்தேன் இடுப்பு விட்டுப் போகுது."

பேனா நின்றது.

"புல் தரையா?"

"ஆமாம்மா, மீன் தொட்டியச் சுத்தி. அதுல பாசி புடிச்சிருந்தா அதையும் வழிக்கணும்."

"உங்க வீடு எவ்வளவு பெரிசு?"

"பத்துக்குப் பத்து. அடுப்பு உள்ளயேதேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே குருசாமி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஒச்சம்மாள் திக்காமல் திணறாமல் பேசுகிறாள். தான் ஒதுக்கியது வீண்போகவில்லை என்ற பூரிப்பு அவருக்கு.

"இதையெல்லாம் எப்போ பண்றீங்க? தினமுமா?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. ஆறு மணிக்கே வேன் வந்துரும்."

வேன் என்ற வார்த்தையை அனுசுயா எழுதவில்லை. பேனாவை மூடினார்.

"அந்தத் தோட்டம் எங்கேம்மா இருக்கு?"

குருசாமி கொடுத்த தாளில் இந்தக் கேள்வி இல்லை.

ஒச்சம்மாள் மோவாயை மட்டும் சுவர்ப் பக்கமாகத் தூக்கினாள்.

அனுசுயா திரும்பிப் பார்த்தார்.

படத்தில் முதலாளி மகுடேஸ்வரன் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் 'சிறந்த வீட்டுத் தோட்டக்காரர்' என்று பொறித்த கேடயம். இன்னொரு கையில் அவர் உயரத்துக்கு, கோடு கிழித்ததுபோல ஒரு புடலங்காய். அதன் நுனியில் அவிழ்க்க மறந்த கல். கல்லைக் கட்டியிருந்த வெள்ளை நாடாவில், சட்டைக் கழுத்தில் வைத்துத் தைக்கும் கம்பெனி லேபிள்கள் வெட்டுப்படாமல் வரிசையாக ஓடின.

"ஞாயித்துக்கெழமதேம்மா எங்க தெருவுக்கும் தண்ணி வருது" என்றாள் ஒச்சம்மாள்.