அக்கரைக் கோபுரம்

வெயில் தாழ்ந்து ஆறு செம்பு நிறமாகிக்கொண்டிருக்கிறது. படித்துறையில் எள் போட்டால் எள் விழாத நீராட்டு விழாக் கூட்டம். கீழ்ப்படியில், தண்ணீரில் கால் நனைத்தபடி கணவனும் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் லாரி ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம். அவள் துணி தைக்கிறவள். அவளுடைய பார்வை இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் கைவிரித்த அன்றே லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, “பாக்க வேண்டியதெல்லாம் பாத்துடலாம், வா” என்று கிளம்பிவிட்டார். காலையிலிருந்து கோயில் கோயிலாக, மண்டபம் மண்டபமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு அலைகிறார். இப்போதும் சும்மா இருக்க முடியவில்லை. “அதோ பாரு, அக்கரைக் கோபுரத்துல விளக்கு போட்டுட்டாங்க. ஆத்துல தீபம் விடுறாங்க. அந்தப் படகப் பாத்தியா?” நீட்டிய விரலை மடக்கவே இல்லை. மணிகள் எல்லாம் ஒன்றாக முழங்க, கூட்டம் மொத்தமும் கைகூப்பி அக்கரைப் பக்கம் திரும்புகிறது. அவள் திரும்பவில்லை. ஈரத் தலைப்பைப் பிழிந்து கண்களை நன்றாகத் துடைத்துக்கொண்டு, அவர் தாடையில் கை வைக்கிறாள். “கோபுரத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. வெளிச்சம் இருக்கும்போதே பாத்துக்கறேன்.” அவர் திரும்புகிறார். தன் கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்துகிறார். “வேணாம், அப்படியே இருங்க” என்கிறாள்.