பொறித்த கோழி

“மெனு அட்டையில இன்னைக்கு நீ ஒரு தப்பு சொன்னா, ஒரு உருண்டை வசாபி திங்கணும். மேசையில இருக்கே, மிளகாயை விடக் காரமாம், அந்தப் பச்சை விழுது. சம்மதமா?”

கேட்டவர் பஸ் டிரைவர். கேட்கப்பட்டவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எங்காவது ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் ஊரைக் கூட்டிவிடுவார் என்பதால், நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒற்றர்.

“ஒரு தப்புக்கு ஒரு உருண்டையா?”

“ஆமா. மாசத்துல ஒரு நாள் நாலு பேரும் சேர்ந்து சாப்பிட வர்றோம். நீ அட்டையை மேலேயிருந்து கீழே வரைக்கும் சத்தமா வாசிச்சுத் தப்புச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பசியே செத்துடுது.”

“சரி,” என்றார் ஒற்றர்.

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். தச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

தச்சருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அளவு நாடாவில் இருக்கும் எண்கள் தெரியும். மற்றபடி எழுத்தெல்லாம் இழைப்புளி சீவித் தள்ளிய சுருள்கள்தான். இது அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். ஐம்பத்திரண்டு வயது வரை மூடி மறைத்தாயிற்று. ஓட்டல்களில் அவர் மானத்தைக் காத்துவந்தவை இரண்டு: ஒற்றரின் வியாதி, அப்புறம் ‘எனக்கும் அதே’ என்ற இரண்டு சொற்கள்.

“இன்னொண்ணு,” என்றார் டிரைவர். “ஜப்பான் சாப்பாடு நமக்குப் புதுசு. ஆளுக்கு ஒண்ணு, வேற வேற சொல்லுவோம். எல்லாத்தையும் ருசி பார்க்கலாம். ‘எனக்கும் அதே’ன்னு ஒருத்தன் ஒளிஞ்சுக்குவான் பாரு, அவன்தான் இன்னைக்கு முதல்ல சொல்லணும்.”

அட்டை தச்சர் கைக்கு வந்தது. அதில் மருந்துக்குக்கூட ஒரு படம் இல்லை. பரிமாறும் பெண் குறிப்பேட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

தச்சர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டார். அதில் நல்ல பயிற்சி உண்டு. ஒரு பக்கம் புரட்டினார். திரும்ப அதே பக்கத்துக்கு வந்தார்.

“என்னடா, பரீட்சைக்கா படிக்கிறே?” என்றார் டிரைவர்.

“இரு. பார்க்கிறேன்ல.”

“பார்த்தது போதும். பிடிச்சதைச் சத்தமா வாசி. அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே இருக்கு.”

தச்சருக்குக் காது சூடாகியது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லலாம். அது சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விடலாம். ஆனால் டிரைவர் இந்த விதியை அடுத்த மாதமும் விடமாட்டார். மாதம் முழுவதும் மரத்தூளைத் தின்றுவிட்டு இந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் காத்திருக்கிறார். இனி இதுவும் இல்லை.

“எனக்கு வயிறு கொஞ்சம்...” என்று எழப்போனார்.

“அநியாயம்,” என்றார் ஒற்றர், தச்சர் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டு. “எண்ணெயில் பொறித்த கோழி, எலுமிச்சைச் சாறுடன். பொறித்தன்னு வல்லின ‘ற’ போட்டிருக்கான். கோழி மேல பேரைச் செதுக்கியிருக்கானா, கல்வெட்டு மாதிரி? எண்ணெயில போட்டா இடையின ‘ர’ வரணும்டா.”

“உருண்டை,” என்றார் டிரைவர்.

ஒற்றர் விழுங்கினார். தலை ஒருமுறை உதறியது.

“அடுத்தது பாரு. அரிசி சுருள், உள்ளே வெள்ளரிக்காய். நடுவுல இருக்கவேண்டிய ‘ச்’ எங்க போச்சு?”

இரண்டாவது உருண்டை. பிழை திருத்துபவரே பிழை என்று சொல்லும்போது, அதைச் சரிபார்க்க யாருக்குத் தோன்றும்?

“மாவில் தோய்த்த இரால். இந்த ‘ர’வைப் போட்டா எப்படிடா ஜீரணமாகும்?”

மூன்று. அட்டையின் கடைசி வரிக்கு வருவதற்குள் ஐந்து ஆகிவிட்டது. ஒற்றரின் கண்ணும் மூக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஒழுகின.

“போதும்டா, செத்துத் தொலையப் போறே,” என்றார் மருந்துக்கடைக்காரர். “இதுக்கு என் கடையில மருந்து கிடையாது.”

“அந்தக் கோழி எனக்கு,” என்றார் தச்சர். “எலுமிச்சையோட.”

பெண் எழுதிக்கொண்டாள். தச்சருக்கு மூச்சு வந்தது. ஒற்றரின் வியாதி ஆயுசுக்கும் குணமாகக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டார்.

தட்டுகள் பாதி காலியானபோது முதலாளியம்மா ஒரு பென்சிலோடு வந்தார்.

“அட்டையில ஏதோ பிழைன்னு பேசிக்கிட்டீங்களாம். குறிச்சுக் குடுத்தீங்கன்னா அடுத்த தடவை திருத்தி அச்சடிச்சிடுவேன்.”

ஒற்றர் தண்ணீர் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. பென்சிலை மருந்துக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அட்டையை ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“இதுல ஒரு தப்பும் இல்லையேடா. பொரித்த கோழிக்குச் சின்ன ‘ர’தான் போட்டிருக்கு. அரிசிச் சுருள்ல ‘ச்’ இருக்கு. இறாலும் சரியாத்தான் இருக்கு.”

“நல்லாப் பாரு,” என்றார் டிரைவர்.

“டாக்டர் கையெழுத்தையே வாசிக்கிறவன் நான். அச்சடிச்சதை வாசிக்க மாட்டேனா?”

எல்லாரும் ஒற்றரைப் பார்த்தார்கள்.

“கண்ணாடியை மாத்தணும் போல,” என்றார் ஒற்றர். தச்சர் இருந்த பக்கம் மட்டும் அவர் திரும்பவேயில்லை.

கோழியை வாய்க்குக் கொண்டுபோன தச்சரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. நாலு வருஷமாக எத்தனை ஓட்டல், எத்தனை அட்டை. ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை.

“தப்பே இல்லாத அட்டைக்கு அஞ்சு உருண்டை தின்னிருக்கான்,” டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இந்த லூசை அடுத்த மாசம் விட்டுட்டு வருவோம்டா. மூணு பேரும் நிம்மதியாச் சாப்பிடலாம்.”

“அவன் வரலைன்னா நானும் வரலை,” என்றார் தச்சர்.

“ஏன்டா?”

தச்சர் தன் தட்டில் இருந்த கோழியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து ஒற்றரின் தட்டில் வைத்தார்.

“அவன் வாசிச்சாத்தான் எனக்குச் சாப்பாடு.”