அரக்கு முத்திரை

வெள்ளைக்காரர்கள் ஆண்ட மேற்கு ஆப்பிரிக்காவின் கேப் கோஸ்ட் நீதிமன்றத்தில் நீதிபதி கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையை அழுத்தினால்தான் உத்தரவுக்கு உயிர் வரும். முத்திரை வெள்ளைக்காரப் பதிவாளரிடம் இருக்கும். போன வாரம் அவர் முத்திரையையும் எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போய்விட்டார். மீனவன் அபாக்காவின் சவுக்கடித் தண்டனையை ரத்து செய்த உத்தரவு முத்திரையில்லாமல் மேஜையிலேயே கிடந்தது. சிறையில் அவனை அடித்தே கொன்றார்கள். உறவினர்கள் கவர்னரிடம் முறையிட்டார்கள். "பதிவாளர் கண்ணியமானவர்" என்று பதில் வந்தது.

இன்று நீதிமன்றக் குமாஸ்தா எசுமான் ரத்தம் தெறித்த சட்டையோடு காவல் நிலையத்துக்குள் ஓடிவந்தான்.

"சார்ஜண்ட் அண்ணே! அபாக்காவோட சொந்தக்காரங்க துக்கத்துக்குக் கட்டுற சிவப்புத் துணியைக் கட்டிக்கிட்டு கோர்ட்டு வாசல்ல ஒரு ஆளை உலக்கையால நொறுக்குறாங்க! கை உடைஞ்சிருச்சு. இதோ நீதிபதி உத்தரவு, படையோட வாங்க!"

சார்ஜண்ட் தன்லாமி தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை எங்கடா? அது இல்லாம துப்பாக்கியைத் தொட்டா என் தோலை உரிச்சிருவாங்க. உங்க பதிவாளர் துரை வச்ச சட்டம்தானே?"

"முத்திரை அவர் கோட்டுப் பையில இருக்குண்ணே."

"அப்ப ஓடிப்போய்ப் பதிச்சு வாங்கிட்டு வா."

"அடிபடுற ஆள் யாருன்னு சொன்னா வரமாட்டீங்கன்னு மறைச்சேண்ணே. உலக்கைக்குக் கீழ கிடக்கிறதே அவர்தான்!"