சுவரோரம்

மரபணுவில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை என்றார் மருத்துவர். குழந்தையின் தசைகளுக்கு வலுத் தரவேண்டிய அந்த மரபணு முழுதாகவே இருக்கிறது. மரபணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கும் நூல் தவறாக மடிந்ததில் அது செல்லின் உட்கருவுக்குள் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நடுவுல இருந்தா வேலை செய்யும்மா. சுவத்தோட ஒட்டிக்கிட்டா ஊமையாயிடும்."

"நடுவுக்குக் கொண்டுவர முடியாதா டாக்டர்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், சுவரோரம் கிடந்த மகன் ஆரோனின் சிறிய கட்டிலைத் தனியாகவே இழுத்து அறையின் நடுவில் போட்டாள். தரையில் கீறல்கள் விழுந்தன.

"இருக்கிறதே ஒரு ரூம்பு. நடுவுல கட்டிலப் போட்டா நான் எப்படி நடக்கிறது, பறந்தா போவேன்?" என்றான் அவள் கணவன் தேவசகாயம்.

"சுவத்தோரமாப் போங்க. நீங்க ஊமையானா ஊருக்கு நல்லதுதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையும் சிரித்ததாக அவள் சொன்னாள். பிள்ளையின் தலை துணிப்பொம்மையின் தலைபோல் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் கட்டில் காலியாகிவிட்டது. அதை எடுத்துவிடலாமா என்று அவன் கேட்கவில்லை. எடுங்கள் என்று அவளும் சொல்லவில்லை. மெத்தையில் சின்னப் பள்ளம் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி இருவரும் சுவரில் முதுகு உரச நடக்கிறார்கள். அவள் முதுகெல்லாம் சுண்ணாம்பு அப்பியிருப்பதை அவன் தினமும் பார்க்கிறான். சொல்வதில்லை.