அழாத நெற்றி

"அண்ணி, அம்மா செத்துக் கிடக்கறாங்க. உங்க முகத்துல அதுக்கான அறிகுறி ஏதாவது இருக்கா?"

நாத்தனார் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினாள்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள். கூடத்தின் நடுவில் மாமியாரைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் பலவீனம் என்று டாக்டர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

"காலையில இருந்து அழுதுட்டுதானே இருக்கேன்" என்றாள் மருமகள்.

"கண்ணுல தண்ணி வருது, இல்லேங்கல. வெங்காயம் நறுக்கினாலும்தான் வரும். முகத்தைப் பாருங்க, கல்யாணத்துக்கு வந்தவங்களை வரவேற்கிற மாதிரி பளிச்சுன்னு இருக்கு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியம்மா, பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள். இருவரும் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார்கள். இந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் எலியும் பூனையும் என்பது உறவில் எல்லோருக்கும் தெரியும். டிவி ரிமோட்டுக்காக இருவரும் போட்ட சண்டை அடுத்த தெரு வரைக்கும் பிரசித்தம்.

மருமகள் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை நெரித்துப் பார்த்தாள். மூக்கு சுருங்கியது, உதடு கோணியது. நெற்றி மட்டும் எனக்கென்ன என்று சும்மா இருந்தது.

டெலிபோன் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடுகள். "ஏன் மேடம் கோவமா இருக்கீங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. கோபமே படாமல் கோபக்காரி என்று பெயர் வாங்கினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்தக் கோடுகளுக்குத்தான் பத்து நாளைக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டாள். அளவாகத்தான் போடுகிறேன், யாருக்கும் தெரியாது என்று தோல் டாக்டர் சொன்னார். சொன்னபடியே யாருக்கும் தெரியவில்லை. நடுவில் வீட்டில் ஒரு சாவு விழும் என்று அவர் மட்டும் என்ன கண்டார்?

வெளியே போனால் கல்நெஞ்சக்காரி. உண்மையைச் சொன்னால் மினுக்கி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கதவு தட்டப்பட்டது. திறந்தாள். கணவன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"உனக்கும் அம்மாவுக்கும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அதைப் பத்தி உன்னை நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா? ஆனா இன்னிக்கு ஒரு நாள், எனக்காகவாவது..."

இவனுமா என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். இவன் இப்படியே நினைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டுவான் என்றால் அதைத் தாங்க முடியாது.

"ஊசி போட்டுக்கிட்டேங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன ஊசி?"

"நெத்தியில. சுருக்கம் தெரியாம இருக்கிறதுக்கு. அதான் முகம் அசைய மாட்டேங்குது. உள்ளுக்குள்ள நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

"நல்லா இருக்கு கதை." அவனுக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள் நாத்தனார். "தோளுக்கு மேல வளர்ந்த பையனை வெச்சுக்கிட்டு இது வேறயா? யார் கூடப் போனீங்க?"

"தனியாத்தான் போனேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

மருமகள் கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "தெரியாது."

"அவ்வளவு ரகசியம். தெரிஞ்சிருந்தா அம்மா காறித் துப்பியிருப்பாங்க." நாத்தனார் அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்கே இழுத்து வந்துவிட்டாள். "இங்க பாருங்க எங்க அம்மாவை. எழுபது தாண்டியாச்சு. நெத்தியில ஒரு கோடு உண்டா? கண்ணோரத்துல ஒரு சுருக்கம்? இதெல்லாம் ஊசியில வராது அண்ணி. மனசு சுத்தமா இருந்தா தானா வரும்."

"வாஸ்தவம்தான்" என்றாள் பெரியம்மா. "போன மாசம் பார்த்ததுக்கு இப்ப முகத்துல எவ்வளவு நிம்மதி. புண்ணியவதி."

எல்லோர் கண்ணும் மருமகள் மேல் இருந்தது. காது வரைக்கும் சூடேறியது அவளுக்கு. சொல்ல வேண்டியது ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"தப்புதான். மன்னிச்சிடு" என்றாள், அத்தனை பேர் முன்னிலையிலும்.

நாத்தனார் புது ஆட்களைப் பார்க்க வாசலுக்குப் போனாள். கணவன் வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். மருமகள் மாமியாரின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கலைந்த முடியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, இடது கண்ணோரத்தில் ஊசி பட்டு இன்னும் ஆறாமல் இருந்த சின்ன நீலத் திட்டின் மேல், பக்கத்தில் வைத்திருந்த பவுடரை யாரும் பார்க்காமல் தொட்டுத் தடவினாள்.

"தனியாப் போகக் கூச்சமா இருக்கு, நீயும் வாடி" என்று அவளைக் கெஞ்சிக் கூட்டிப்போய், டாக்டர் முன்னால் முதலில் உட்கார்ந்து மாமியார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: "பார்க்க இயற்கையா இருக்கணும் டாக்டர், நான் பெத்த பொண்ணுக்கே தெரியக் கூடாது."