பச்சைப் பட்டை

உலகத்தில் எந்த நிரலும் அவனிடம் பொய் சொல்ல முடியாது.

சிபியு மேல் காதை வைத்தால் போதும். எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று கேட்டுவிடும். அளந்து பார்ப்பதெல்லாம் கேள்வி ஞானம் இல்லாதவர்களுக்கு.

கடைசி வருட ப்ராஜெக்ட். தேர்வு அறையில் ஒரே துறைக்காரர்கள் அடுத்தடுத்து உட்காராமல் இடம் போட்டுத் தரும் நிரல். ஆயிரத்து எண்ணூறு பேருக்குப் போட்டு முடிக்க ஒன்பது நிமிடம் ஆகிறது.

மார்க் போட வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டர்னல் ஓர் அணிக்குத் தருவது ஐந்து நிமிடம்.

அவன் அணியிலிருந்த ஷைனி அளந்தாள். நிரலின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் என்று பட்டியல் எடுத்து, பிரின்ட் போட்டு நீட்டினாள்.

"ஒரு தடவை பாருடா."

"என் கோடுக்கு பிளட் டெஸ்ட் எடுத்துட்டு வந்தியாக்கும்?"

லேப் மேசைக்கு ஒரு கால் குட்டை. தாளை எட்டாக மடித்து அதற்கடியில் செருகினான்.

மேசை ஆடுவது நின்றது.

"பாத்தியா, இதுக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கு."

பிறகு சிபியு மேல் காதை வைத்தான். ஆட்களை இடம் மாற்றும் பகுதிதான் என்று தீர்ப்பு சொன்னான். காலைப் பொழுது முழுக்க அதைத் திருத்தி எழுதினான்.

ஒன்பது நிமிடம், இரண்டு நொடி.

பக்கத்து அணியிடம் எக்ஸ்டர்னல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்தது இவர்கள்.

ரெக்கார்டில் கையெழுத்து வாங்க ஷைனி வெளியே ஓடினாள்.

அவன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். கட்டித்தான் இருந்தது.

தாளின் முதல் வரியை அவள் பேனாவால் வட்டமிட்டிருந்தாள்.

பச்சைப் பட்டை. மொத்த நேரத்தில் தொண்ணூற்றொரு சதவீதம்.

வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டிக்கொண்டே போகும் பட்டை. ஒருவரை இடம் மாற்றிப் பார்க்கும்போதெல்லாம் தன்னை முதலிலிருந்து வரைந்துகொள்ளும். அவன் இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தது. ஓரங்கள்கூட வளைவாக இருக்கும்.

ஒரு நிமிடம் அதைப் பார்த்தான்.

நிரலிலிருந்து அழித்தான்.

ஷைனி திரும்பி வரவும் எக்ஸ்டர்னல் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

நாற்பத்தொன்பது நொடி.

"பரவால்லயே. அளந்து பாத்தீங்களா தம்பி?"

"இல்ல சார். காதுலயே தெரிஞ்சிடும்."

மார்க் போட அவர் மேசையில் கையை ஊன்றினார்.

மேசை ஆடியது.

ஷைனி குனிந்து குட்டைக் காலைப் பார்த்தாள்.

நிமிர்ந்து, அவன் சட்டைப்பையைப் பார்த்தாள்.