முதல் கை மஞ்சள்

பம்மல் கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. மஞ்சள் துணி, மஞ்சள் பலூன், நடுவே மஞ்சள் பாவாடையில் மணப்பெண் ஜீவிதா. ஒலிபெருக்கியில் இங்கே யாருக்கும் புரியாத இந்திப் பாட்டு. "நலங்குன்னு சொன்னா வாய் வலிக்குதா? ஹல்தியாம். நம்ம வழக்கமெல்லாம் போயே போச்சு அண்ணி," என்கிறாள் ஜீவிதாவின் அத்தை தனபாக்கியம். அவள் மடியில் இருக்கும் தாம்பாளத்தில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது. நாத்தனார் சொல்வது அம்சாவுக்கும் நியாயமாகத்தான் படுகிறது. பெண்ணைப் பெற்றவள் அவள், ஆனால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கி நிற்கிறாள். கணவர் இறந்த மறுவருஷம் மூத்த மகளுக்கு நலங்கு வைத்தபோதும் மஞ்சளை அரைத்துக் கொடுத்துவிட்டுச் சமையலறையிலேயே நின்றுகொண்டாள். சுமங்கலிகள் பூசினார்கள். அவளை யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. "பொண்ணோட அம்மா எங்க? அவங்கதான் ஃபர்ஸ்ட். வாங்க ஆன்ட்டி," என்று அலங்காரக் கம்பெனிப் பெண் ஒன்றும் தெரியாமல் அவள் கையைப் பிடித்து அழைத்து வருகிறாள். அம்சா நாத்தனாரைப் பார்க்கிறாள். தனபாக்கியம் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகிறது, பாட்டு காதில் விழவில்லை. கிண்ணத்து மஞ்சள் சில்லென்று இருக்கிறது. மகளின் கன்னத்தில் கையை வைக்கிறாள். ஜீவிதா கண்களை மூடிக்கொண்டு அந்தக் கையிலேயே முகத்தைச் சாய்க்கிறாள். "போதும்மா, கைய எடுங்க, அடுத்தவங்க வரட்டும்," என்கிறார் வீடியோக்காரர். அம்சா எடுக்கவில்லை.